முதல் பக்கத்தில் வராத மீன்

ஓர் ஏரியில் ஆகப் பெரிய மீனைப் பிடித்தது யார் என்று முடிவு செய்ய ஓர் அரசு அலுவலகம் வேண்டுமா என்று கேட்பவர்கள், டால்கார்ட் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் ஒரு குளிர்காலத்தைக்கூடக் கழித்திராதவர்கள். நவம்பர் கடைசியில் ஏரி உறைந்தால் ஏப்ரல் வரை அதன்மேல் லாரி ஓட்டலாம். அந்த மாதங்களில் எங்கள் ஊர்க்காரர்கள் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே தூண்டிலை இறக்கிவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குடிமக்கள் இப்படி ஓட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதற்கு ஒரு பொருள் உண்டாக்கித் தருவது அரசின் கடமை. ஆகவே கவுண்டி மீன் சாதனைப் பதிவு அலுவலகம். இரண்டு அறை, ஒரு கொடி, ஒரு காபி இயந்திரம்.

எங்கள் ஊரான எல்ஸ்டாட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பச்சைப் பலகை நிற்கும். 'எல்ஸ்டாட்: சாதனை டிரவுட்டின் ஊர்' என்று அதில் எழுதியிருக்கும். அந்த டிரவுட் மீனைப் பிடித்தவர் வெர்னா ஸ்காக்லண்ட், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஆறடிக்குக் கொஞ்சம் மேலே உயரம், அதற்கேற்ற அகலம். மீனைப் பிடித்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. தூண்டில் கயிறு இழுபடாமல் நின்றதும் சுற்றி இருந்த ஆண்கள் எல்லோரும், ஏரிக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டையை இழுக்கிறாள், விடுங்கள் என்று சொல்லிச் சிரித்தார்களாம். பிறகு ஓட்டைக்குள்ளிருந்து கட்டை வாயைத் திறந்ததாம். முப்பத்தெட்டு பவுண்டு, அதாவது பதினேழு கிலோ.

அந்த ஊரில் நான் மருந்துக் கடை வைத்திருந்தேன். இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தபோது ஒருமுறை வெர்னா சொன்னார்: "அன்னிக்கு ஒரு நாள்தான் இந்த ஊர் ஆம்பளைங்க என்னைப் பார்த்து வாயை மூடிக்கிட்டு நின்னாங்க. அது போதும் எனக்கு. வேற எதுவும் நான் கேட்டதில்லை."

எங்கள் மக்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பீற்றிக்கொள்வது பிடிக்காது. புதுக் கார் வாங்கினால் தெருவில் நிறுத்தக் கூச்சப்பட்டு வீட்டுக்குப் பின்னால் நிறுத்துவார்கள். பையன் டாக்டராகிவிட்டான் என்றால், 'ஆமா, ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில இருக்கான்' என்பார்கள். வீடு எரிந்துபோனாலும் அதைவிட மோசமாக நடந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் காபி கேட்பார்கள். ஆனால் மீனோடு போட்டோ எடுக்கும்போது மட்டும் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கையையும் முழங்கை மடங்காமல் கேமராவை நோக்கி நீட்ட வேண்டும். உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். விரல்கள் தெரிந்தால் அளவு தெரிந்துவிடும் என்பதால் அவற்றை மீனுக்குப் பின்னால் மறைக்க வேண்டும். உள்ளங்கை அளவு மீன் படத்தில் கைக்குழந்தை அளவு தெரியும். இது பீற்றல் ஆகாது. மீனை அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எல்லோரும் நீட்டுவதால் யாரும் ஏமாறுவதில்லை. படத்தைப் பார்த்தவுடன் மனசுக்குள் பாதியைக் கழித்துவிட்டு, "நல்ல மீன்" என்று சொல்லுவோம்.

வெர்னா மட்டும் அன்று மீனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் நீட்டவில்லை என்று பின்னாளில் யாரோ கேட்டதற்கு, "கனமா இருந்துச்சு, நீட்ட முடியலை" என்றார்.

இந்த நிலையில் அலுவலகம் நவீனமாயிற்று.

தலைநகரத்திலிருந்து பிரெண்டன் ஸ்விட்சர் என்பவர் வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். காட்சி ஆவணக் கண்டறிதல் துணை இயக்குநர் என்பது பதவி. மிக நல்ல மனிதர். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், நாம் தெருக்கோடியில் வந்துகொண்டிருந்தாலும். அவர் அறுபது வருடத்து மீன் போட்டோக்கள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார். முன்பு அவை பெயர் வாரியாக ஓர் இரும்பு அலமாரியில் இருந்தன. பெயரைச் சொன்னால் இழுப்பறையைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அது பிற்போக்கு. இனிமேல் குடிமக்கள் தமக்கு வேண்டிய படத்தைத் தம் சொந்தப் பேச்சில் வர்ணித்தால் போதும், படம் தானாக வந்து நிற்கும். பெயரைப் போட்டுத் தேடுவது தனிமனித அந்தரங்கத்துக்குக் கேடு என்று பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டன. எடை எழுதிய சீட்டுகளையும் ஏற்றவில்லை. கணினி புரிந்துகொள்வது மக்களின் இயல்பான மொழியை. எண் என்பது இயல்பான மொழி அல்ல என்று சுற்றறிக்கை விளக்கியது. இரும்பு அலமாரியைத் தூண்டில் புழு விற்கும் லைல் ஓப்சால் ஏலத்தில் எடுத்தார். இன்றைக்கும் அதில் எழுத்து வாரியாகத்தான் புழு வைத்திருக்கிறார்.

திறப்பு விழாவில் காபியும் எலுமிச்சை கேக் துண்டும் கொடுத்தார்கள். யாரோ "சந்தோஷமான நாய்" என்று தட்டினார்கள். நாற்பது சந்தோஷமான நாய்கள் வந்தன. கூட்டம் அசந்துபோயிற்று. அன்று மாலை முழுக்க நாய்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன் எங்களில் ஒருவருக்கும் நாய்ப் படம் தேவைப்பட்டதில்லை.

பிறகு விதிமுறை வந்தது. அதன் மூன்றாம் பத்தியை நான் அப்படியே மனப்பாடமாகச் சொல்வேன்: 'வர்ணித்துத் தேடும்போது முதல் பக்கத்தில் தோன்றாத படம் பொதுமக்களால் காண இயலாத படமாகும். பொதுமக்களால் காண இயலாதது பொது ஆவணம் ஆகாது. பொது ஆவணத்தில் இல்லாத சாதனை நிகழ்ந்ததாகக் கொள்ளப்பட மாட்டாது.' வாசித்துப் பார்த்தோம். எங்கே மறுப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வரியும் முந்தின வரியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது.

அந்த வருடம் நெடுஞ்சாலைத் துறை ஊர்ப் பலகைக்குப் புது வண்ணம் அடிக்க வந்தது. வண்ணம் அடிக்கும் முன் வாசகம் உண்மைதானா என்று சான்று கேட்பது முறை. பிரெண்டன் கணினி முன் உட்கார்ந்து, "இந்த ஏரிப் பக்கம் பிடிபட்ட மிகப் பெரிய மீன்" என்று தட்டினார்.

முதலில் வந்தது எங்கள் பெட்ரோல் பங்க் வாசலில் நிற்கும் பைபர் டிரவுட் சிலை. வேன் அளவு நீளம். சுற்றுலா வருகிறவர்கள் அதோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இந்தப் படத்தில் ஒரு மனிதர் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவதாக நான்கு வயதுக் குழந்தை ஒன்று, கையில் விரல் நீள மீனோடு. மூன்றாவதாக லைல் ஓப்சால், கையை நீட்டி. நான்காவதும் லைல். முதல் பக்கம் முழுக்க நீட்டிய கைகள். வெர்னா முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை.

செய்தி பரவியதும் லைல் அலுவலகத்துக்குப் போய், முதல் படத்தில் இருப்பது பைபர் என்று எடுத்துச் சொன்னார். மீன் எதனால் ஆகியிருக்க வேண்டும் என்பது பற்றி விதியில் எதுவும் இல்லை என்றார் பிரெண்டன். அது ஏரியில் பிடித்ததில்லையே என்றார் லைல். பிரெண்டன் யோசித்தார். பெட்ரோல் பங்க் ஏரிப் பக்கம்தானே இருக்கிறது என்று கேட்டார். லைலுக்கு அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் இருக்கிறது.

ஐஸ்கிரீம் மனிதரைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அயோவா மாநிலத்தில் டிராக்டர் உதிரிபாகம் விற்கும் மெல்வின் ட்ரூப் என்பவர். தான் வாழ்நாளில் மீன் பிடித்ததில்லை என்றும், அன்று பெட்ரோல் போடத்தான் நின்றதாகவும், ஆனாலும் தன்னால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்றும், சாதனையை ஏற்றுக்கொண்டால் அலுவலகத்துக்கு வேலை குறையும் என்றால் ஏற்றுக்கொள்வதாகவும் பதில் போட்டார். இவ்வளவு அடக்கமான சாதனையாளர் இதுவரை கிடைத்ததில்லை என்று அலுவலகம் நெகிழ்ந்தது.

வெர்னா மேல்முறையீடு செய்தார்.

விசாரணை லூத்தரன் தேவாலயத்தின் அடித்தள அறையில் நடந்தது. ஊரில் அதைவிடப் பெரிய அறை இல்லை. பெண்கள் உருளைக்கிழங்கும் சீஸும் போட்ட பெரிய தட்டங்களை அடுப்பிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தார்கள். வெர்னா பஸ் ஓட்டும் கோட்டோடு முன் வரிசையில் உட்கார்ந்தார். பிரெண்டன் திரையை இறக்கி, அலுவலகம் யாருக்கும் எதிரி அல்ல என்றும், வெர்னாவின் படத்தை முறைப்படி வர்ணித்து முதல் பக்கத்தில் வரவழைத்துவிட்டால் சாதனை அவருக்கே என்றும் அறிவித்தார். ஊரே சேர்ந்து வர்ணிக்கலாம் என்றார்.

இங்கேதான் சங்கடம். படத்தில் இருந்தது மிகப் பெரிய உடம்புள்ள ஒரு பெண். அதை எங்கள் ஊரில் வாயால் சொல்ல ஒருவர் இல்லை. பாதிரியார் எழுந்து, "மீனோடு ஒரு நல்ல பெண்மணி" என்றார். நிறையப் பேர் வந்தார்கள், வெர்னா வரவில்லை. தபால் நிலையத்து மார்லின், "குளிரைத் தாங்கக்கூடிய ஒருத்தங்க" என்று போடச் சொன்னார். பெங்குவின் படம் வந்தது. அதை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் என் பங்குக்கு, "கண்ணியமான உயரம்" என்று சொன்னேன். மின்கம்பம் வந்தது. ஒரு மணிநேரம் ஊரே ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தது, நடுவில் பள்ளம் இருப்பதுபோல.

கடைசியில் வெர்னா எழுந்தார். "குண்டுன்னு போடுங்க தம்பி."

பிரெண்டன் சிவந்துபோனார். குடிமக்களின் உடலைப் பற்றி அலுவலர் தட்டக் கூடாது என்று கண்ணியக் கொள்கை இருப்பதாகவும், தான் அதில் கையெழுத்துப் போட்டிருப்பதாகவும் சொன்னார். சம்பந்தப்பட்டவரே வந்து தட்டினால் தடை இல்லை. வெர்னா போய் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டினார். "குண்டுப் பொண்ணு, மீன்."

முதல் படமாக வந்து நின்றது. பத்தொன்பது வயது வெர்னா, நெஞ்சோடு டிரவுட், பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கும் ஆண்கள். அடித்தளத்தில் எல்லோரும் கைதட்டினோம். வெர்னாகூடக் கொஞ்சம் சிரித்தார். அப்போதுதான் படத்துக்குக் கீழே கணினி தானாக எழுதியிருந்த வரியைப் பிரெண்டன் வாசித்தார். 'சிறிய மீன் ஒன்றை வைத்திருக்கும் மிகப் பெரிய பெண்.'



"சின்னதா?" என்றார் வெர்னா.

"ஒப்பீட்டளவில்னு எடுத்துக்கலாம்" என்றார் பிரெண்டன்.

வெர்னா வெளியே போய் பஸ்ஸிலிருந்து மீனையே கொண்டுவந்தார். அந்தக் காலத்திலேயே அதைப் பாடம் பண்ணிப் பலகையில் அறைந்து சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்தார். மேசைமேல் வைத்ததும் மேசை முனகியது. இதைப் பாருங்கள் என்றார். அலுவலகம் மீன்களை ஆவணமாக ஏற்பதில்லை, படங்களை மட்டுமே ஏற்கிறது என்றார் பிரெண்டன். அப்படியானால் தூக்கிப் பாருங்கள் என்றார் வெர்னா. பிரெண்டன் மறுக்கத் தெரியாத மனிதர். தூக்கினார். முகம் கோணியது, கால் தடுமாறியது, லைலும் பாதிரியாரும் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்கள்.

"இப்பச் சொல்லுங்க தம்பி. சின்னதா?"

பிரெண்டன் மூச்சு வாங்கினார். "என் சொந்த முறையில, இது ரொம்பக் கனம்தாங்க. ஆனா அலுவல் முறையில எனக்குக் கனம் தெரியாது."

அதை அவர் திமிராகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதனால் யாருக்கும் கோபப்படவும் வழி இல்லாமல் போயிற்று. எங்கள் ஊரில் வருத்தப்படுகிறவரிடம் கோபப்படுவது வழக்கமில்லை. லைல் மட்டும் எழுந்து, "நாங்க எல்லாரும் அன்னிக்கு அங்க இருந்தோமே, நான் கண்ணால பார்த்தேனே" என்றார். பிரெண்டன் லைலின் படத்தைத் திரைக்கு வரவழைத்துக் காட்டி, அப்படியானால் இதில் நீங்கள் வைத்திருப்பது எவ்வளவு பெரியது என்று கேட்டார். அந்த மீனை வறுத்தால் ஒரு ரொட்டித் துண்டுக்குக்கூடக் காணாது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். லைல் அவ்வளவு பேர் முன்னால் கையை நீட்டியதை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது உட்கார வேண்டும். உட்கார்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் படம் வந்திருந்த ஒவ்வொருவரும் தட்டத்தைப் பார்த்து உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஆனால் அரசு கருணை இல்லாதது அல்ல. ஒரு வாரம் கழித்துச் சமரசத் திட்டம் ஒன்று வந்தது. ஏரியின் மிகச் சிறிய மீன் என்று ஒரு சாதனை இதுவரை பதிவில் இல்லை. இடம் காலியாக இருக்கிறது. கணினி ஏற்கெனவே சிறியது என்று சான்றளித்திருப்பதால் வெர்னாவுக்கு அதை உடனே வழங்கலாம். படம் முதல் பக்கத்தில் நிற்கும். பலகையும் நிற்கும், இரண்டு சொல் மட்டும் கூடும். மறுத்தால் படம் பயன்பாட்டில் இல்லாதவற்றோடு சேர்க்கப்படும்.

வெர்னா மருந்துக் கடைக்கு வந்தபோது அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினார். என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் இரண்டு பக்கமும் யோசித்து, மூன்றாவதாக ஒன்றையும் சொல்லி, முடிவு உங்களுடையது என்றேன். எங்கள் ஊரில் ஆலோசனை என்றால் அதுதான்.

"மீன் போனாப் போகட்டும்" என்றார். "அந்தப் படத்துல பின்னாடி நிக்கிறானுங்க பாரு, வாயை மூடிக்கிட்டு. அது இருக்கணும் எனக்கு."

கையெழுத்துப் போட்டார். புதுப் பலகை வந்தது. 'எல்ஸ்டாட்: மிகச் சிறிய சாதனை டிரவுட்டின் ஊர்.' முப்பத்தெட்டு பவுண்டு டிரவுட் சாப்பாட்டு அறைச் சுவரில் வாயைத் திறந்துகொண்டு அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. பெட்ரோல் பங்க் சிலையை விடப் பெரிய மீன் பிடிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே பெரிய மீனில் ஆசை போயிற்று. வெல்லக்கூடிய சாதனை ஒன்றே ஒன்றுதான் மிச்சம், சிறிய மீன். வெர்னாவை விடப் பெரியவராக நின்று, தம் மீன் அவரது மீனை விடச் சிறியது என்று கணினியைச் சொல்லவைக்க வேண்டும். கையை நீட்டிய ஊர் முழுக்க மீனை நெஞ்சோடு அணைக்க ஆரம்பித்தது. சிலர் அக்குளில் பாதியை மறைத்தார்கள். கோட்டுக்குமேல் கோட்டுப் போட்டு, உள்ளே தலையணை வைத்தார்கள். துணிக்கடையில் ஆகப் பெரிய அளவுகள் தீர்ந்துபோய், இரண்டு பேர் நுழையக்கூடிய ஒரு கோட்டு சின்சினாட்டி நகரத்திலிருந்து வரவழைக்கப்பட்டது. உருளைக்கிழங்குத் தட்டத்தில் சீஸ் இரட்டிப்பாயிற்று. இளைஞர்கள் காதலியிடம், இந்தப் படத்தில் நான் குண்டாகத் தெரிகிறேனா என்று ஆவலோடு கேட்டார்கள். மெலிந்த ஆள் ஒருவர் பக்கத்துக் கவுண்டிக்கே குடிபோய்விட்டார். அவருக்கு இங்கே எதிர்காலம் இல்லை என்று எல்லோரும் புரிந்துகொண்டோம். நானும் சும்மா இருக்கவில்லை. கடையின் சன்னல் பக்கம் எடை குறைக்கும் மாத்திரை வைத்திருந்தேன். அதை உள்ளே எடுத்துவிட்டு எடை கூட்டும் பவுடரை வைத்தேன். நன்றாகப் போயிற்று.

இத்தனை பேர் பிடித்தும் பிரெண்டனின் கணினி ஒவ்வொரு முறையும் வெர்னாவின் மீனைத்தான் ஆகச் சிறியது என்றது. அந்த அளவுக்கு அவர் பெரியவர் என்பதை ஊர் மெல்ல மெல்ல ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டது. வெர்னாவுக்கு அது மரியாதையாகப் படவில்லை. பஸ்ஸில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பது கேட்டதாம். ஒரு பையன் மட்டும் நேரே கேட்டானாம், நீங்கதான் அந்தச் சின்ன மீன் அம்மாவா என்று.

பிப்ரவரியில் ஏரிமேல் மீன்பிடி விழா. அந்த வருடம் நூற்றுக்கணக்கில் கூட்டம், அத்தனை பேரும் தலையணையோடு. தலைமை விருந்தினர் அயோவாவின் மெல்வின் ட்ரூப். ஒலிபெருக்கியில் அவரிடம் வெற்றிக்கு வழி கேட்டார்கள். அவர் திகைத்துப்போய், பொறுமைதான் முக்கியம் என்று நினைப்பதாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.

வெர்னா போட்டியில் சேரவில்லை. கூட்டத்திலிருந்து விலகி, தன் பழைய கோட்டோடு தனியாக ஓர் ஓட்டையின் முன் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் கழிந்து கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து நிற்பதைப் பார்த்தேன். கயிறு ஓட்டைக்குள் நட்டுக்குத்தாக இறங்கி நின்றது. அவர் இழுத்தார், அது வரவில்லை. பின்னால் சாய்ந்து காலை ஊன்றினார், அப்போதும் வரவில்லை. யாரோ கட்டை மாட்டியிருக்கும் என்றார்கள். பிறகு கயிறு நகர ஆரம்பித்தது, ஓட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு. கட்டை அப்படி நகராது.

ஊரே அங்கே கூடிவிட்டது. மீனின் தலை ஓட்டைக்குள் வந்து சிக்கிக்கொண்டது, ஓட்டை போதவில்லை. லைல் ரம்பத்தை எடுத்துவந்து பனியை அறுத்து அகலப்படுத்தினார். பாதிரியாரும் இன்னும் இரண்டு பேரும் வெர்னாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே வந்து பனிமேல் விழுந்தபோது காலுக்கடியில் அதிர்ந்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் இருப்பது இதன் பிள்ளை என்று சொல்லலாம். சாம்பல் நிற முதுகு, மேலே வெள்ளைப் புள்ளிகள், வாய் மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஒருவரும் பேசவில்லை. நான் இதை நன்றாகக் கவனித்தேன். வெர்னாவும் கவனித்தார். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் வாழ்நாளில் இரண்டாவது முறையாக அந்த ஊர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்திருப்பார். அவர் முகத்தில் அது தெரிந்தது.

ஆனால் நாங்கள் அதற்காக வாயை மூடவில்லை. எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்திருந்தோம். இப்போது அதைக் கணினிக்கு அனுப்பிவிட்டு, அது என்ன சொல்கிறது என்று பார்க்கக் காத்துக்கொண்டிருந்தோம். பிரெண்டனின் கட்டைவிரல் திரையில் நின்றது. பாதிரியார் கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டிருந்தார். மெல்வின் ட்ரூப் பக்கத்தில் இருந்தவரின் போனை எட்டிப் பார்த்தார்.

வெர்னா காத்திருந்தார். பிறகு லைலிடம், அறுபது வருடமாக இந்த ஏரியைப் பார்க்கிறவரிடம், மெதுவாகக் கேட்டார். "பெருசா லைல்?"

லைல் தலையைத் தூக்கவில்லை. "இரு வெர்னா. நெட்வொர்க் வரலை."

 வெர்னா குனிந்து மீனின் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றினார். கோபத்தோடு கழற்றவில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கும் குழந்தையின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடுவதுபோலப் பதமாகக் கழற்றினார். மீனின் தலையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி ஓட்டையின் ஓரத்துக்குத் தள்ளினார். அது ஒரு கணம் அங்கேயே கிடந்தது. பிறகு வாலை ஒருமுறை அடித்து உள்ளே இறங்கிப் போயிற்று, எங்கள் காலெல்லாம் தண்ணீர் தெறித்தது. வெர்னா வாளியை எடுத்துக்கொண்டு கரைப் பக்கம் நடந்தார்.

காலில் தண்ணீர் பட்டதும்தான் நிமிர்ந்தோம். உடனே எல்லோரும் ஓட்டையைச் சுற்றி நெருங்கிக் குனிந்து உள்ளே பார்த்தோம். கறுப்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் வந்தது. முதலில் எடுத்த படங்கள் பாதியில் சிக்கிப் போயிருந்தன. கடைசியாக, நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பிரெண்டன் பின்னால் தள்ளி நின்று எடுத்த ஒன்று மட்டும் போய்ச் சேர்ந்து, பதில் வந்தது. அவர் அதைச் சத்தமாக வாசித்தார்.

'தலையணைபோல் உடுத்திய மனிதர்கள் பலர் ஒரு காலி ஓட்டையைச் சுற்றி நின்று உள்ளே பார்க்கிறார்கள். மீன் எதுவும் இல்லை.'

எங்களுக்கு ஒரு நிம்மதி. ஏதோ நடந்துவிட்டதோ என்று ஒரு கணம் எல்லோரும் பயந்துபோயிருந்தோம். பிரெண்டன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார், நாங்களும் அவரவர் வாளிக்குத் திரும்பினோம். இவ்வளவு காலத்தில் அந்தக் கணினி ஒரு படத்தைத் துளி தவறில்லாமல் வர்ணித்தது அன்றுதான்.